பெண் பார்க்க வந்த வாய்

நல்லாத் திறங்க ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம் என்கிறேன், அவர் திறக்கிறார். கீழ் முன்பற்களின் உட்புறம் முழுக்கக் காரை, பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி தெரியாமல் மஞ்சளாக ஒரே சுவர். எத்தனையோ வருஷமாக யாரும் தொடாத இடம். காரை பெயர்க்கும் ஸ்கேலரின் முனையை வைத்ததும் கீச்சென்று சத்தம், தண்ணீர் தெறிக்கிறது, அவர் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். மூடட்டும். மூடியிருக்கும்வரை என்னைப் பார்க்க முடியாது. உள்ளே வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தார், முதலில் என் கால்களை, பிறகு துணித்தொப்பிக்குள் எவ்வளவு முடி இருக்கும் என்று, பிறகு நான் தட்டை எடுக்கத் திரும்பியபோது நடையை. காலை பதினொரு மணிக்குப் பல் சுத்தம் செய்துகொள்ள யாராவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வருவார்களா. எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. பெயர் வியாகுலமேரி, ஊர் கடலூர் என்று சொன்னபோது, கடலூரில் இல்லாத பல் டாக்டரா, எதற்கு நெல்லித்தோப்புவரை வருகிறார் என்று மட்டும் நினைத்தேன். கழுத்தில் காகிதத் துண்டைக் கட்டிவிடக் குனிந்தபோதுதான், இவ்வளவு நெருக்கத்தில், மூக்கில் மல்லிகை வாசனை ஏற, அவர் கேட்டார், "நீ அல்போன்சு மவதானே கண்ணு? பெர்னதெத் எல்லாம் சொன்னாங்க. உனக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி பொறந்ததுலேர்ந்தே இருக்குல்ல? நடுவுல வாங்கினது இல்லையே?" நான் தலையை ஆட்டினேன். ஆட்டியிருக்கவே கூடாது. ஆமாம் என்றும் இல்லாமல் இல்லை என்றும் இல்லாமல் ஆட்டுவேன், கேட்டவர்கள் அவரவருக்கு வேண்டியபடி எடுத்துக்கொள்வார்கள், இருபத்துமூன்று வருஷமாக அப்படித்தான். "சாயந்திரம் வீட்டுக்கு வந்து பூ வச்சிட்டுப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்னு தோணுச்சு. பல்லும் ஆடுது. ரெண்டும் ஆச்சு," என்று சிரித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

ரெண்டும் ஆச்சு. பல்லும் ஆச்சு, பெண்ணும் ஆச்சு. அதனால்தான் காலையில் அம்மா, அந்த மாம்பழக் கலர் சுடிதாரைப் போட்டுட்டுப் போடி, அதுல நீ கொஞ்சம் வெளுப்பாத் தெரிவ என்றாள். கிளினிக்கில் மேலே கோட்டு மாட்டிக்கொண்டால் மாம்பழமும் தெரியாது மாமரமும் தெரியாது என்று நான் சொல்லவில்லை. இட்லியைத் தின்றுவிட்டு, அந்தச் சுடிதாரையே போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்று சாயந்திரம் பூ வைக்கிறார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. போன வாரம் அம்மா ஒரு படம் காட்டினாள், தாடி வைத்த ஒருவன் பைக்கில் சாய்ந்து நிற்கிறான், பெயர் ரீகன். நான் படத்தைப் பார்த்தேன், போனைத் திருப்பிக் கொடுத்தேன், அடுப்பில் பால் பொங்கியது, இறக்கப் போனேன். அதுதான் சம்மதம். பால் இறக்கியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பாரிசில் இருக்கும் பெர்னதெத் அத்தைக்குப் போன் போட்டு, அத்தை கடலூரில் அவன் அம்மாவுக்குப் போட்டு, கடலூர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு என் நாற்காலியில் வந்து படுத்திருக்கிறது. நாக்கைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கோங்க ஆன்ட்டி. அவர் நாக்கு என் விரலைத் தள்ளுகிறது. தடித்த நாக்கு. எல்லோருடைய நாக்கும் முதலில் தள்ளும், பிறகு சொன்ன இடத்தில் கிடக்கும்.

பிரெஞ்சுப் பெண்ணுக்குச் சீர் வேண்டாம் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வார்கள், ஏதோ புரட்சி செய்துவிட்டது போல. வேண்டாம்தான், அவளே சீர். அவளைக் கட்டிக்கொண்டால் விசா, விசாவுக்குப் பிறகு குடியிருப்பு அட்டை, அட்டைக்குப் பிறகு அவனுக்கும் அந்த ஊர்க் குடியுரிமை, அப்புறம் தம்பியைக் கூப்பிடலாம், அம்மாவைக் கூப்பிடலாம். கோயில் திருவிழாவுக்கு வண்டி இழுக்கிற மாடு மாதிரி நான் முன்னால் நடக்க, பின்னால் மொத்தக் கடலூரும் ஏறி உட்கார்ந்து வரும். நான் பத்தாவது படிக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் தெரியாத அம்மாக்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், பாப்பா எவ்ளோ வளந்துடுச்சி என்பார்கள், கண் என் முகத்தைத் தாண்டி எங்கோ தூரத்தில், ஒரு விமான நிலையத்தில் இருக்கும். ஒருத்தியாவது, நீ என்னம்மா படிக்கிற என்று கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் எதிர்வீட்டு அங்கிள், பதிலைக் கேட்டுவிட்டு, "பல்லு வெளக்கி உடறதுக்கு ரெண்டு வருசம் படிப்பா?" என்று வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தபோது நான் அவருடைய ஈறுகளைத்தான் பார்த்தேன். வீங்கி, சிவந்து, ஓரத்தில் சீழ். சொல்லியிருக்கலாம். அங்கிள், இன்னும் கொஞ்ச நாளில் உங்கள் பேரப்பிள்ளைக்கு முளைக்கிற பல்லைவிட உங்களிடம் குறைவாக இருக்கும் என்று. சொல்லவில்லை, தலையை ஆட்டினேன்.

சக்ஷன் குழாய் உதட்டில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது, சரி செய்கிறேன். தண்ணீரோடு கொஞ்சம் ரத்தம். பயப்படாதீங்க, ஈறு வீங்கியிருக்கறதால வருது, ஒரு வாரத்துல சரியாயிடும். இதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் நடுங்குவதில்லை. என்னவோ தெரியவில்லை, ஈறைப் பற்றிப் பேசச் சொன்னால் பேசுவேன். பப்பாவிடம்கூட அப்படித்தான், மற்ற எதற்கும் அவர் முகம் பார்த்துப் பேசாதவள், அவர் பல் ஆடுகிறது என்றதும் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வாயைத் திறங்க பப்பா என்று நின்றேன். அப்போது முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். "விடும்மா, எங்க வம்சத்துக்கே பல்லு தங்காது. எங்கப்பாவுக்கு நாப்பது வயசுல எல்லாம் போச்சு. நேஷனாலிட்டி தங்கும், பல்லு தங்காது," என்றார். சொல்தாவாக, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக இருந்த தாத்தா. சைகோனில் யாருடைய நெல்வயலிலோ யாருக்காகவோ சண்டை போட்டுவிட்டு, காதில் இரைச்சலும் மாதாமாதம் பிரெஞ்சுப் பென்ஷனுமாகத் திரும்பி வந்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை, சுவரில் மெடல்களோடு வாயை இறுக மூடிக்கொண்டிருக்கிற படம்தான். உள்ளே பல் இல்லை என்பதால் மூடியிருக்கிறார் என்று படிக்கப் போன பிறகுதான் கன்னத்தின் குழியை வைத்துக் கண்டுபிடித்தேன். வம்சமாம். வம்சம் ஒன்றும் செய்யவில்லை பப்பா, கொஞ்சம் வாகு இருக்கலாம், மீதி எல்லாம் அழுக்கு, அதை எடுத்திருந்தால் பாதிப் பல்லாவது இருந்திருக்கும் என்று அன்றைக்கு நான் பேசியதுதான் எங்கள் வீட்டில் நான் பேசிய நீளமான பேச்சு. அவர் கேட்டார், சிரித்தார், பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். விதி என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எவ்வளவு நிம்மதி இவர்களுக்கு. பல்லும் விதி, பெண்ணும் விதி.

அம்மாவையாவது திட்டலாம் என்றால் அதுவும் முழுதாக முடியவில்லை, பாதியில் சிக்குகிறது. அம்மா விழுப்புரம். பிரெஞ்சு மாப்பிள்ளை என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். பப்பா அதற்கு முன்பே பாரிஸ் போய் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்கிவிட்டு, அங்க சூரியனே கெடையாது என்று திரும்பி வந்துவிட்டவர், அதை இவளிடம் யாரும் சொல்லவில்லை. கல்யாணம் ஆன புதிதில் அம்மா பிரெஞ்சு வகுப்புக்குப் போனாளாம். இப்போதும் பாத்திரம் துலக்கும்போது திடீரென்று பிரெஞ்சில் கிழமைகளைச் சொல்வாள், திங்களிலிருந்து ஞாயிறுவரை, ஒரு தப்பும் இல்லாமல். சண்டை வந்தால், "எங்கப்பா நகை போட்டுக் கட்டிக் குடுத்தது பிரான்சுக்கு, நெல்லித்தோப்புக்கு இல்ல," என்பாள். பப்பா பேப்பரை மடித்துவிட்டு வெளியே போய்விடுவார். அதை நினைத்தால் பாவமாக இருக்கிறது, பாவமாக இருக்கும்போதே கோபம் வருகிறது, ஏமாறுவது என்னவென்று தெரிந்தவள்தானே நீ, நான் பிறந்ததும் எனக்கு லெயோனி என்று பெயர் வைத்ததே கூப்பிட அல்ல, அங்கே போனால் அவர்கள் வாயில் நுழையவேண்டும் என்றுதானே, எனக்குக் கிடைக்காதது உனக்காவது கிடைக்கட்டும்டி என்கிறாயே, எனக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று ஒருநாள், ஒரே ஒருநாள் கேட்டாயா.

கிடைத்திருக்கிறது. யாருக்கும் தெரியாது. கடைவாய்ப் பல்லுக்கு வந்துவிட்டேன், இங்கே கன்னம் இறுக்கமாக இருக்கிறது, விரலால் ஒதுக்கிப் பிடிக்கிறேன். பிரான்சில் என் வேலை என்று தனியாக ஒன்று இல்லை, டாக்டரே சுத்தம் செய்துவிடுவார் என்று அத்தை சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. "அதனால என்ன, பல்லு க்ளீனிங்குக்குப் பதிலா ஆபீஸ் க்ளீனிங் பாரு, எல்லாம் க்ளீனிங்தானே, மாப்ள ஒரு பக்கம் வேலைக்குப் போவாரு," என்று அத்தை போனில் சிரித்தாள். அன்றைக்குத்தான் நானே தேட ஆரம்பித்தேன். எந்த நாட்டில் இந்த வேலைக்குப் பெயர் இருக்கிறது, தனி நாற்காலி இருக்கிறது, நோயாளி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று. இங்கே நான் சிஸ்டர், சில சமயம் நர்ஸ், டாக்டர் மதிவாணனுக்கே அவசரத்தில் ஏம்மா. பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தால் அயர்லாந்தில் விசா இல்லாமலே வேலை பார்க்கலாம் என்று தெரிந்தபோது அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபடி திறந்து படித்தேன். கால்வே என்று ஒரு ஊர். வீடியோவில் பேசினார்கள். நரைத்த முடியோடு ஒரு டாக்டரம்மா, பின்னால் ஜன்னலில் மழை. அவர் கேட்ட முதல் கேள்வி, ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிற ஒருவரிடம் நீ என்ன சொல்வாய். நான் சொன்னேன். திக்காமல் சொன்னேன். முதலில் உதவியாளராகச் சேர், இங்கே பதிவுத் தேர்வு எழுதித் தேறிய பிறகு உன் வேலையையே செய்யலாம் என்றார்கள். நீ சைவமா, உயரம் என்ன, நேஷனாலிட்டி நடுவில் வாங்கியதா என்று எவரும் கேட்கவில்லை. வீட்டில் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், இவர்கள் அதற்குள் பூ வைக்கும் தேதியே குறித்துவிட்டார்கள்.

ஆனால் இங்கே ஒரு முள் இருக்கிறது, எப்போது இந்தக் கோபம் உச்சிக்கு ஏறினாலும் சரியாகக் குத்துகிறது. பொற்கொடி. எங்கள் வகுப்பில் முதல், அவள் கை வைத்தால் நோயாளிக்கு வைத்ததே தெரியாது, நான் அவளைப் பார்த்துத்தான் விரல் ஊன்றுவதைக் கற்றுக்கொண்டேன். கால்வே பற்றி நான் சொன்ன ஒரே ஆள் அவள்தான். "எனக்கும் ஒரு சொல்தா தாத்தா இருந்திருக்கலாம்டி," என்றாள், பொறாமை இல்லை, விளையாட்டாகத்தான். கடலூர்க்காரர்கள் என் முதுகில் ஏறப் பார்க்கிறார்கள் என்று கொதிக்கிறேனே, நான் யார் முதுகில் ஏறிப் போகிறேன். பல்லில்லாமல் சுவரில் தொங்குகிற அந்த மனிதரின் முதுகில். என் மதிப்பெண்ணுக்கு அல்ல, கைக்கு அல்ல, அவர் சைகோனில் சாகாமல் வந்ததற்குத் திறக்கிற கதவு. அதனால் அதை ரீகனோடு பங்கு போடத்தான் வேண்டுமா? எல்லோரும் ஏறுகிறார்கள் நீயும் ஏறு, அவனும் ஏறட்டும், அதுதானே நியாயம் என்று ஒரு குரல், அம்மாவின் குரல் மாதிரி. இல்லை. கதவு தாத்தா கொடுத்ததாக இருக்கலாம், உள்ளே போய் உட்கார்ந்து நாள் முழுக்கக் குனிந்து வேலை பார்க்கப்போகிற முதுகு என்னுடையது. அதை ஒருவனுக்கு ஏணியாக நிறுத்திவைக்க என்னைக் கேட்காமல் யார் முடிவு செய்வது. நியாயமோ அநியாயமோ, கேட்கவேண்டும் அல்லவா. கேட்டால் நான் ஒருவேளை, இல்லை, கேட்டாலும் மாட்டேன், ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

கீழ் வரிசை முடிந்துவிட்டது. இன்னும் மேல் வரிசை, அப்புறம் பாலிஷ், அப்புறம் நாற்காலி நிமிரும், இவர் வாய் இவரிடம் திரும்பிப் போகும், உன் கை ரொம்ப மெதுவாயிருக்கு கண்ணு என்பார், சாயந்திரம் பாப்போம் என்பார், நான் தலையை ஆட்டுவேன். ஆட்டிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். அப்புறம் வீட்டுக் கூடத்தில் பூவோடு பத்துப்பேர், அங்கே எனக்குக் குரலே வராது. இங்கே மட்டும்தான் வரும். ஸ்கேலரை நிறுத்துகிறேன். சக்ஷன் மட்டும் அவர் வாய்க்குள் இரைந்துகொண்டிருக்கிறது. "ஆன்ட்டி, நான் அயர்லாந்துக்கு வேலைக்குப் போறேன், எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்," என்று சொல்கிறேன். சொல்லிவிட்டேன். அவர் கண் திறக்கிறது, ஆ, ங்ஆ என்று ஏதோ, கை பாதி உயர்ந்து நிற்கிறது. ஒரு நொடி எவ்வளவு சுகமாக இருந்தது. மறுநொடி உடம்பெல்லாம் கூசியது. வாயில் குழாயைச் செருகிவைத்துவிட்டு முடிவைச் சொல்லுகிறாயே, பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து, இதைத்தானே உனக்கு அவர்கள் செய்தார்கள், நீ பால் இறக்கப்போன நேரம் பார்த்து. குழாயை எடுக்கிறேன். மிதியை அழுத்துகிறேன், நாற்காலி முனகிக்கொண்டு நிமிர்கிறது. முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கிவிடுகிறேன். டம்ளரைக் கொடுக்கிறேன். கொப்பளிச்சுத் துப்புங்க ஆன்ட்டி. துப்புகிறார், இளஞ்சிவப்பாக, உதட்டைத் துடைத்துக்கொள்கிறார்.

"என்னம்மா சொன்ன, அந்தச் சத்தத்துல சரியா வெளங்கல." வெளங்கியிருக்கிறது, இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார், சொல்ல மாட்டேன் என்ற நம்பிக்கையில். "அயர்லாந்துல வேலை கெடச்சிருக்கு. போறேன்." "அயர்லாந்தா? அது பாரிசுக்குப் பக்கத்துலயா?" "இல்ல, வேற நாடு." "சரி, எதுவா இருந்தா என்ன. ரீகனுக்குக் குளிர் ஒத்துக்கும், ஊட்டியில வேல பாத்தவன்." எனக்குச் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பு வந்த வேகத்தில் கோபமாகிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். "நான் மட்டும்தான் போறேன் ஆன்ட்டி." "மொதல்ல நீ போ கண்ணு, வீடு கீடு பாரு, பின்னால அவன் வரட்டும். எல்லாரும் அப்பிடித்தானே." "பின்னாலயும் வர வேணாம்." என் குரலா அது, பக்கத்து அறையில் டாக்டரின் மிஷின் சத்தம் நின்றுவிட்டது போல இருக்கிறது. "உங்க பையன் மேல ஒரு குத்தமும் இல்ல. நான் அவர பாத்ததே இல்ல. இந்தக் கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கல. அவர கூட்டிட்டுப் போறதுக்கும் சம்மதிக்கல." "உங்கம்மா சரின்னாங்களே?" "அம்மா சரின்னது அம்மாவுக்கு, ஆன்ட்டி."

அவர் என்னைப் பார்க்கிறார். இந்தமுறை காலை அல்ல, முடியை அல்ல. "பொண்ணு ரொம்ப அமைதி, வாயே தொறக்காதுன்னா உங்கத்த," என்கிறார். நல்லா ஏமாத்திட்டா என்பது போல. "அப்ப சாயந்திரம் நாங்க வர வேணாங்கற." "வர வேணாம் ஆன்ட்டி." "வேன் சொல்லியிருக்கோம். எங்க நாத்தனாரெல்லாம் வரா." நான் தலையை ஆட்டவில்லை. கழுத்தை அசையாமல் வைத்திருப்பது இவ்வளவு வேலை என்று தெரியாது, பிடரி வலிக்கிறது. பக்கத்து அறையிலிருந்து டாக்டர், "ஏம்மா, முடிஞ்சுதா?" என்கிறார். "இல்ல டாக்டர், மேல் வரிசை இருக்கு." வீட்டில் இன்று என்ன நடக்கும், அம்மா அழுவாள், கத்துவாள், பப்பா பேப்பரை மடிப்பார், அத்தை பாரிசிலிருந்து போனில் கொட்டித் தீர்ப்பாள், நடக்கட்டும், சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. வியாகுலமேரி நாக்கால் கீழ்ப்பற்களைத் துழாவிக்கொண்டிருக்கிறார். முகம் கோணுகிறது. "என்னம்மா இது, பல்லுக்கு நடுவுல சந்து சந்தா வச்சிட்ட?" "நான் வைக்கல. இருந்ததுதான். காரை அடைச்சிட்டிருந்தது." "காத்து போவுது." "ரெண்டு நாள்ல பழகிடும்." கைப்பையை எடுக்கிறார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார், மறுபடி நாக்கால் கீழே தடவுகிறார், மேலே தடவுகிறார், கீழே வழவழப்பு, மேலே சொரசொரப்பு. "அயர்லாந்தாம்," என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறார். பிறகு கடுகடுத்த முகத்தோடு, "மேலயும் பண்ணு. பாதி வாயோட நான் கடலூர் போவ முடியாது. பொண்ணு இல்லன்னு சொன்னது போதும், பல்லுமா," என்று பின்னால் சாய்ந்துகொள்கிறார்.

முகக்கவசத்தை ஏற்றுகிறேன். வாயைத் திறங்க ஆன்ட்டி. கண்ணை மூடாமல், நேராக என்னை முறைத்துக்கொண்டே திறக்கிறார். மேல் கடைவாய்ப் பல், கன்னத்துப் பக்கம். எச்சில் ஊறுகிற துளை எதிரிலேயே இருப்பதால் இங்கே எப்போதும் கெட்டியாகப் படியும். பக்கத்துப் பல்லில் விரலை ஊன்றிக்கொள்கிறேன். முனையை ஈறின் ஓரத்தில், படுக்கவைத்த மாதிரி, அழுத்தாமல். ஒரு துண்டு பெயர்ந்து வருகிறது. அதன் பின்னால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.